மூன்று மண்டபங்களும் ஓர் ஓமும்

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். பள்ளி நாட்களில் நாம் ரோபோவைத் தூக்கிக்கொண்டு போன லண்டன் வட்டாரப் போட்டிகளில் எது உங்களுக்குப் பிடித்தது? அவ்வளவுதான் கேள்வி. விடிவதற்குள் குழு நிரம்பி வழிந்தது. பிறந்தநாள் வாழ்த்துக்குக்கூட மூன்று நாள் கழித்துப் பதில் போடுகிறவர்கள் எல்லாம் ஹவுன்ஸ்லோவா, சட்டனா, ரெய்னர்ஸ் லேனா என்று அடித்துக்கொண்டீர்கள். காதோரம் முதல் நரை விழுகிற வயதில் நமக்கு இது தேவைதானா என்று நானும் சிரித்தேன். ஆனால் ஒரு வரி விடாமல் வாசித்தேன்.

சட்டன் கட்சிக்காரர்கள் சாப்பாட்டைச் சொன்னீர்கள். ஹவுன்ஸ்லோ கட்சிக்காரர்களுக்கு அந்த மண்டபத்தின் கண்ணாடிக் கூரை. ரெய்னர்ஸ் லேன் கட்சி எப்போதும்போலக் கொஞ்சம் தலைக்கனத்தோடு, மேசைகள் மேடுபள்ளம் இல்லாமல் மட்டமாக இருந்தது அங்கே மட்டும்தான் என்றது. இதற்கிடையில் உங்களில் ஒருவர் எழுதினார்: “சட்டனில ரோபோ நல்லாப் போய்க்கொண்டிருக்கேக்க நடுவில தூக்கின வெள்ளைப் பிள்ளையை ஞாபகம் இருக்கோ?” அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

அந்தப் பிள்ளை என் கூட்டாளி. அவள் தூக்கியது என்னால். இருபத்தைந்து வருடங்களாக அவள் தலையில் இருக்கிற பிழையை இறக்கி என் தலையில் வைக்கத்தான் இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதாமல் தமிழில் எழுதுவதற்குக் காரணம், நடந்தது ஒரு தமிழ்ச் சொல்லால். தமிழ் வாசிக்க வராதவர்கள் உங்கள் அம்மாமாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர்களாவது ஒழுங்காக வாசிப்பார்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஹவுன்ஸ்லோவில் ஒரு கடைக்கு மேலே இருந்த வீட்டில் குடியிருந்தோம். அப்பா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. அவருடைய ஷிப்ட் ஒரு கிழமை முழுக்க இருட்டோடு தொடங்கும், மறு கிழமை முழுக்க இருட்டில் முடியும். நான் பள்ளியிலிருந்து வரும்போது அவர் தூங்குவார், அல்லது போயிருப்பார். சமையலறைக் கதவில் தொங்குகிற மஞ்சள் மேலங்கி இருந்தால் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். அதில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசம் அடிக்கும். விமான எண்ணெயின் வாசம். இன்றைக்கும் விமானத்தில் ஏறப் போகும்போது அந்த வாசம் வந்தால் என் மனம் அப்பாவைத் தேடும்.

எங்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியைதான் ரோபோ கழகத்தை நடத்தினார். மதிய இடைவேளையில் எரிவாயு அடுப்பு நாற்றம் அடிக்கிற ஆய்வுக்கூடத்தில் ஆறு பிள்ளைகள். பிளாஸ்டிக் கட்டைகளால் செய்த வண்டி, இரண்டு மோட்டார், கறுப்புக் கோட்டைப் பார்த்துப் பின்தொடர்கிற ஒரு சின்ன ஒளிக்கண். நம் பிள்ளைகள் இன்று வைத்திருப்பதோடு ஒப்பிட்டால் அது விளையாட்டுச் சாமான்தான். முன்பக்கத்துக் கை மடங்கி நிற்க ஒரு ரப்பர் வளையம் தேவைப்பட்டது. வாங்கிய வளையம் எல்லாம் அறுந்து போனபோது கூட்டாளி தன் தலைமுடியில் இருந்த ஊதாப் பட்டையைக் கழற்றி மாட்டினாள். அது கடைசிவரை அறவில்லை. அந்தப் பருவம் முழுக்க அவள் முடி முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

அவளும் நானும் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. போலந்திலிருந்து வந்த குடும்பம். அவளுக்கும் வீட்டில் ஒரு பாஷை, வெளியில் ஒரு பாஷை. அதனாலேயே ஒட்டிக்கொண்டோம் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படியெல்லாம் நினைக்கவில்லை. அவள் கொண்டுவருகிற ஊறுகாய் வெள்ளரிக்காய் எனக்குப் பிடிக்கும், என் இடியப்பம் அவளுக்குப் பிடிக்கும்.

மறந்துபோனவர்களுக்காக விதியைச் சொல்கிறேன். மேசையின் ஒரு மூலையில் ஒரு சதுரம் இருக்கும். அதற்குப் பெயர் ஹோம். ரோபோ அங்கிருந்து புறப்பட்டு, தானாகவே போய், மேசையில் இருக்கிற சாமான்களைத் தள்ளி, எடுத்து, திரும்பி வரவேண்டும். வெளியில் இருக்கும்போது கை வைத்தால் அது சுமக்கிற சாமானும் போச்சு, புள்ளியும் போச்சு. ஆனால் வழிதவறி மேசை விளிம்புக்குப் போனால் விழுந்து உடைவதைவிடத் தூக்கி வருவது நல்லது. எப்போது தூக்குவது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நான் “ஹோம்!” என்று கத்துவேன், அவள் தூக்குவாள். இதை வீட்டில் அப்பாவுக்கும் செய்து காட்டியிருக்கிறேன்.

‘ஹோம்’ என்று எழுதுகிறேனே ஒழிய, அந்த முதல் மூச்சு எங்கள் பள்ளியில் ஒருவருக்கும் கிடையாது. மேற்கு லண்டன் பிள்ளைகள் நாங்கள். ஹவுன்ஸ்லோவையே ‘அவுன்ஸ்லோ’ என்போம். ஆசிரியை திருத்தித் திருத்திக் களைத்துப் போனார். எங்கள் வாயில் அந்தச் சொல் ‘ஓம்’ என்றுதான் வரும்.

எங்கே போகிறேன் என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இப்போதே விளங்கியிருக்கும். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: நீங்கள் ‘ஆமா’ என்பதை எங்கள் வீடுகளில் ‘ஓம்’ என்போம். கோயிலில் சொல்கிற ஓம் இல்லை. ‘சாப்பிட்டியோ?’ என்றால் ‘ஓம்.’ ‘பாடம் செய்தாயோ?’ என்றால், செய்யாவிட்டாலும், ‘ஓம்.’

முதலில் ஹவுன்ஸ்லோ. அந்தக் கண்ணாடிக் கூரையைப் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் உண்மை. விளையாட்டு மண்டபத்தின் மரத்தரையில் சப்பாத்துகள் கிறீச்சிடும். மெழுகு வாசம், ஈரக் கோட்டுகளின் வாசம். நிமிடத்துக்கொரு தரம் விமானம் தாழப் பறக்கும்போது நடுவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அப்பாவுக்கு அன்று வேலை. நான் ஒவ்வொரு முறையும் மேலே பார்த்தேன். அதற்குள் அப்பா ஏற்றிய பெட்டிகள் இருக்கும் என்று கூட்டாளியிடம் சொன்னேன். அவளும் பார்த்துக் கை காட்டினாள். விமானத்துக்கு யாராவது கை காட்டுவார்களா? நாங்கள் காட்டினோம்.

கடைசி ஓட்டத்தில் வெயில் அடித்தது. ஒரு விமானத்தின் நிழல் கூரை வழியாக மேசையின் குறுக்கே ஓடியது. எங்கள் ரோபோவின் கண் அந்த நிழலைக் கறுப்புக் கோடு என்று நம்பி அதன் பின்னால் போய்விட்டது. நான் கத்தினேன். கூட்டாளி உண்மையாகவே தூக்கவேண்டுமா என்று ஒரு கணம் குனிந்து பார்த்தாள். அவ்வளவுதான், ரோபோ விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து கட்டை கட்டையாகச் சிதறியது. ஊதாப் பட்டை மட்டும் பத்திரமாக இருந்தது.

ஆசிரியை நல்லவர், ஆனால் அவருக்குத் தோற்கப் பிடிக்காது. அடுத்த மூன்று கிழமையும் கூட்டாளியைப் பழக்கினார். மேசைக்கு முதுகு காட்டி நிற்க வைப்பார். என்னைக் கத்தச் சொல்வார். அவள் திரும்பித் தூக்கவேண்டும். “யோசிக்காதே, பார்க்காதே, கேட்டவுடன் தூக்கு” என்பதுதான் பாடம். அவள் எவ்வளவு பழகினாள் என்றால், ஒருநாள் பின்வரிசையில் யாரோ வேறு எதற்கோ அந்தச் சொல்லைச் சொல்ல, இவள் என் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பிறகு நெடுநாள் பார்க்கவில்லை.

சட்டனுக்கு அப்பா வருவதாகச் சொல்லியிருந்தார். அம்மா நம்பவில்லை. “உன்ர அப்பா வாறன் எண்டு சொன்ன இடத்துக்கெல்லாம் வந்திருந்தா நாங்கள் இப்ப உலகத்தையே சுத்தியிருப்பம்” என்றாள். நானும் பெரிதாக நம்பவில்லை. நம்பாத மாதிரி இருந்தால் ஏமாற்றம் குறையும் என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

சட்டன் சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒன்று குறைகிறது. அங்கே தமிழ்ப் பெற்றோர் மேசை போட்டு, கறி அடைத்துப் பொரித்த ரோல்ஸ் விற்றார்கள், சரி. ஆனால் அதற்கு வினிகர் ஊற்றித் தின்ற முதல் கூட்டம் நாங்கள்தான். பக்கத்து மேசைச் சிப்ஸுக்கு வைத்திருந்த வினிகரைக் கூட்டாளி எடுத்து ரோல்ஸில் ஊற்றிவிட்டாள். விற்றுக்கொண்டிருந்த அன்ரி நெஞ்சில் கை வைத்தார். சாப்பிட்டுப் பார்த்தால் அருமை. இன்றைக்கும் நான் அப்படித்தான் தின்கிறேன், யாரும் பார்க்காதபோது.

காலையிலேயே ஒலிபெருக்கியில் ஒரு விதியைச் சொன்னார்கள். பார்வையாளர் யாரும் ஓட்டத்தின்போது பிள்ளைகளோடு பேசக்கூடாது. பேசினால் வெளியே அனுப்பப்படுவார்கள். எங்கள் மேசைக்கு நடுவர் சென்னைக்காரர். கணினி வேலை, சனிக்கிழமைகளில் தொண்டு. அவரை நாங்கள் மாமா என்று கூப்பிட்டோம். காலையில் நானும் இன்னொரு பள்ளிப் பிள்ளையும் ஓம், ஓம் என்று கதைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, போட்டிக்கு முன்னாடி மந்திரமா?” என்று கேட்டவர் அவர். உங்கள் ‘ஆமா’தான் அது என்று சொல்லிக் கொடுத்தோம்.

இரண்டு ஓட்டம் முடிந்தபோது எங்கள் பெயர் பலகையில் மேலே இருந்தது. உங்கள் எல்லோருடைய பள்ளியும் கீழே. மறந்துவிட்டீர்களா? நான் மறக்கவில்லை. கடைசி ஓட்டத்தில் பாதிப் புள்ளி எடுத்தாலும் போதும். ரோபோ புறப்பட்டது. இரண்டு சாமானை எடுத்து, வளைந்து, கோட்டைப் பிடித்து, திரும்பி வந்துகொண்டிருந்தது. கூட்டாளி பழகியபடி மேசைக்கு முதுகு காட்டி நின்றாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு மஞ்சள் மேலங்கி வந்தது.

அப்பா. வேலையிலிருந்து உடுப்புக்கூட மாற்றாமல் இரண்டு பஸ் பிடித்து வந்திருக்கிறார். பார்வையாளரைத் தடுக்கிற கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சு வாங்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த விதியை அவர் எங்கே கேட்டார்?

“பிள்ளை, எல்லாம் சரியோ?” என்றார்.

அந்த மண்டபத்தின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவேண்டுமே என்று என் பலம் எல்லாம் சேர்த்துக் கத்தினேன்: “ஓம்!”

கூட்டாளி திரும்பினாள், தூக்கினாள். யோசிக்கவில்லை, பார்க்கவில்லை. இரண்டு சாமானோடு, கோட்டின் மேல் ஒழுங்காக வந்துகொண்டிருந்த ரோபோவை, எனக்கு முன்னால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சக்கரங்கள் காற்றில் சுற்றின. அவள் முகத்தில் பெருமை. இந்த முறை பிந்தவில்லை அல்லவா.

நடுவர் மாமா கொடியைத் தூக்கினார். பிறகு என் அருகில் வந்து மெல்லக் கேட்டார். “என்னம்மா சொன்ன நீ? ஹோம்னு சொன்னியா? இல்ல, அவர் கேட்டதுக்குப் பதில் சொன்னியா? வெளியாள் குறுக்க பேசியிருந்தா மறுபடி ஓட விடலாம். சொல்லு.”

அந்த மண்டபத்தில் அதைக் கேட்கக்கூடிய ஒரே நடுவர் அவர்தான். கடவுளே கேட்டதுபோலத்தான். ஆனால் எனக்கு வெளியாள் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. அப்பாவைப் பார்த்தேன். இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றார், பிள்ளை ஏதோ செய்து முடித்துவிட்டாள் என்று. நான் உண்மையைச் சொன்னால் அவரை எல்லோர் முன்னாலும் வெளியே அனுப்புவார்கள். இனி எந்தப் போட்டிக்கும் வரமாட்டார்.

“நான் ஒண்டும் சொல்லேல்லை” என்றேன்.

“நிஜமா?”

“ஒண்டும் சொல்லேல்லை, மாமா.”

கூட்டாளிக்குத் தமிழ் விளங்காது. ஆனால் என் முகம் விளங்கியது. “நீ ஹோம் என்றாய்” என்றாள் ஆங்கிலத்தில். “நான் ஹோம் என்று சொல்லவில்லை” என்றேன் நானும் ஆங்கிலத்தில். அது உண்மைதான். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகப் பெரிய பொய், ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லாத அந்த வசனம்தான்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா பக்கத்தில் இருந்தேன். வினிகர் வாசம் என் கையிலும், எண்ணெய் வாசம் அவர் மேலங்கியிலும். அவர் தோல்வியைப் பற்றிக் கேட்கவேயில்லை. பாதி வழியில், “ரோபோவை ஏன் அந்தப் பிள்ளை தூக்கினது?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “களைச்சுப் போனியோ?” என்றார். “ஓம்” என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வீடு வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கோபம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை ஆசிரியை கூட்டாளியை மேசையிலிருந்து எடுத்தார். பதற்றக்காரி என்றார், முதல் போட்டியில் தூக்கவில்லை, இரண்டாவதில் தேவையில்லாமல் தூக்கினாள் என்றார். இனி அவள் எங்கள் ரோபோவைப் பற்றிய சுவரொட்டிக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லவேண்டும். வேறொரு பிள்ளை தூக்குவாள். கூட்டாளி வாதாடவில்லை. தன் சாமான்களை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். நான் கையிலிருந்த சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இடியப்பத்தை அந்தக் கிழமை முழுக்கத் தனியாகத் தின்றேன். ஒருநாள் அவள் இருக்கைக்குக் கீழே ஊதாப் பட்டையை வைத்துவிட்டு வந்தேன், ரோபோவிலிருந்து கழற்றி. மறுநாள் அது திரும்பவும் ரோபோவில் இருந்தது.

ரெய்னர்ஸ் லேன்காரர்களே, உங்கள் மேசைகள் மட்டமாக இருந்தன என்பதை ஒத்துக்கொள்கிறேன். உங்கள் மண்டபத்தில் ஹீட்டர் போட்டிருந்தார்கள் என்பதையும். வெளியே ரயில் நிலையத்துக்கு முன்னால் இருந்த கடைகளின் கறிவாசம் உள்ளே வரை வந்ததும் உண்மை. ஆனால் நான் அந்த நாள் முழுக்கச் சுவரொட்டிப் பக்கம் திரும்பாமலே நடந்தேன். அப்பா லீவு போட்டு வந்திருந்தார். நல்ல சேர்ட், மேலங்கி இல்லை. கயிற்றுக்கு அருகில் வரவில்லை. ஆகக் கடைசியில் சுவரோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் தரையைப் பார்த்தார். என்னைப் பார்க்க வெட்கப்படுகிறார் என்று முடிவு கட்டினேன். தோற்ற பிள்ளையைப் பார்க்க எந்த அப்பாவுக்குத்தான் பிடிக்கும்?

புதிதாகத் தூக்குகிற பிள்ளை இரண்டு ஓட்டத்திலும் தடுமாறினாள். மதியம் நான் தண்ணீர் குடித்துவிட்டு வரும்போது அப்பாவை அவர் நின்ற இடத்தில் காணவில்லை. பிறகு வந்து நின்றார். கடைசி ஓட்டத்துக்குச் சற்று முன்னால் ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் கூட்டாளியைக் கூட்டிவந்து மேசைக்கு முன்னால் நிறுத்தினார். மற்றப் பிள்ளைக்கு வயிற்று வலியாக்கும் என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் காரணம் வயிற்று வலிதான்.

கூட்டாளி என் முகத்தைப் பார்த்தாள். “ஹோம் என்று சொல்லாதே” என்றாள். “எதுவுமே சொல்லாதே. என் முழங்கையைத் தொடு.”

அந்த ஓட்டத்தில் நாங்கள் ஒரு சொல் பேசவில்லை. ரோபோ ஒரு இடத்தில் தடுமாறியது. தொட்டேன், தூக்கினாள், மீண்டும் விட்டாள். அவள் முழங்கை சூடாக இருந்தது. பழைய இரண்டு ஓட்டத்தையும்விட நல்ல புள்ளி. பரிசுக்குப் போதாது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், புத்தகப் பையைத் தூக்கியபோது சிரித்த மாதிரி. மன்னித்துவிட்டாள் என்று விளங்கியது. எதை மன்னித்தாள் என்று அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கோடையில் அவர்கள் குடும்பம் வடக்கே போய்விட்டது. முகவரி எழுதிக் கொடுத்தாள். ரோபோவின் பெட்டிக்குள் வைத்தேன். பள்ளி அந்தப் பெட்டியை எப்போதோ எறிந்துவிட்டது.

அந்தப் பருவத்துக்குப் பிறகு அப்பா மாறினார். எதைக் கேட்டாலும் ‘யெஸ்’ என்றார். வெளியில் மட்டுமில்லை, வீட்டிலும். “சோறு போடட்டோ?” “யெஸ்.” அம்மா, “துரைக்குத் தமிழ் மறந்துபோச்சு” என்று கேலி செய்வாள். லண்டன் அப்பாவைத் தேய்த்துவிட்டது என்று நான் நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதினேன், புலம்பெயர்ந்தோரின் மொழியிழப்பு என்று. நல்ல மதிப்பெண் கிடைத்தது. நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

உங்கள் சிரிப்பு முகங்களைப் பார்த்தபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டாளியைத் தேடினேன். வடக்கே பல் மருத்துவராக இருக்கிறாள். கேட்டவுடன் பிடுங்குகிறாளா, யோசித்துப் பிடுங்குகிறாளா தெரியாது. நடந்ததை எல்லாம் எழுதினேன். அந்த ஓம் என்ன, நடுவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது.

“எனக்குத் தெரியும்” என்று எழுதியிருந்தாள். “ரெய்னர்ஸ் லேனில் உன் அப்பா சுவரொட்டிக்கு வந்தார். எனக்கு விளக்கிச் சொல்ல அவரிடம் போதிய ஆங்கிலம் இல்லை. ஒரு தாளில் படம் போட்டார். ஒரு வாய், ஒரு காது. எங்களுடைய ஓம், உங்களுடைய ஹோம், என் கேள்வி, என் பிழை என்றார். பிறகு ஆசிரியையிடமும் போய்ச் சொன்னார். மகளுக்கு இது தெரியாது, சொல்லிவிடாதீர்கள் என்று இரண்டு பேரிடமும் கேட்டார். தெரிந்தால் அவள் இனி அந்தச் சொல்லைச் சொல்லமாட்டாள் என்றார். அந்தத் தாளை நெடுநாள் வைத்திருந்தேன். வீடு மாறும்போது தொலைந்துபோனது.”

இதை வாசித்தபோது நான் வேலைக்குப் போகிற ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். இறங்கவேண்டிய நிலையத்தில் இறங்கவில்லை. நான் அவரைக் காப்பாற்றுகிறேன் என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் என்னைக் காப்பாற்றுகிறேன் என்று மூடிக்கொண்டார். நடுவில் அகப்பட்ட கூட்டாளியிடம் போய் உண்மையைச் சொல்ல அவருக்குத் துணிவு இருந்தது, எனக்கு இல்லை. அந்தச் சுவரோரத்தில் அவர் தரையைப் பார்த்தது வெட்கத்தால் இல்லை. என்னைப் பார்த்தால் எங்கே வாய் தானாகத் திறந்துவிடுமோ என்ற பயத்தால்.

ஆகவே, கேட்டீர்களே, என் பதில் சட்டன். ரோல்ஸுக்காக இல்லை. அப்பா உடுப்பு மாற்றாமல் ஓடிவந்து எல்லாம் சரியோ என்று கேட்டதும், நான் யோசிக்காமல் ஓம் என்று கத்தியதும் அங்கேதான். அதற்குப் பிறகு என் அப்பா என்னை அப்படிக் கேட்கவில்லை. திரும்பக் கிடைக்குமென்றால் நான் அந்த மண்டபத்தில் எத்தனை தரமும் தோற்பேன். தூக்கிய பிள்ளையைப் பற்றி இனி யாரும் சிரிக்கவேண்டாம். அவள் கேட்டது சரி, செய்தது சரி.

போன ஞாயிற்றுக்கிழமை ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, முன்னறையில் கால் நீட்டி உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறைக் கதவில் இப்போது அம்மாவின் கோட்டுதான் தொங்குகிறது. அருகில் போய் உட்கார்ந்தேன்.

“அப்பா, சட்டனுக்கு வந்தனீங்கள், ஞாபகம் இருக்கோ?”

“யெஸ்.”

“நான் ஓம் எண்டு கத்தினது?”

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். “அந்தப் பிள்ளை சொல்லிப்போட்டுதோ?”

“எனக்கு அண்டைக்கே தெரியும், அப்பா. அந்த மேசையடியிலயே தெரியும். உங்களை வெளியில விட்டுடுவினம் எண்டுதான் சொல்லேல்லை.”

வீட்டுக்கு மேலே ஒரு விமானம் போனது. அது போய் முடியும்வரை இரண்டு பேரும் பழக்கதோஷத்தில் பேசாமல் இருந்தோம்.

“அப்ப, ஓம் எண்டா உனக்கு விளங்கிப்போடும் எண்டு நான் ஏன் இவ்வளவு காலமும் யெஸ், யெஸ் எண்டு திரிஞ்சனான்?” என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கேட்டதை நான் திருப்பிக் கேட்டேன்.

“அப்பா, எல்லாம் சரியோ?”

அறையைச் சுற்றிப் பார்த்தார். சாப்பாட்டு மேசையைப் பார்த்தார், கதவுப் பக்கம் பார்த்தார்.

“பக்கத்தில ஒருத்தரும் ரோபோவோட நிக்கேல்லைத்தானே?”

“இல்லை, அப்பா.”

“ஓம்” என்றார், ஒரு மண்டபத்தின் இரைச்சலுக்கு மேலால் எனக்குக் கேட்கவேண்டும் என்பதுபோலக் கொஞ்சம் உரத்து.